அசையாத உலகம்

இந்தப் பேச்சைக் கேட்கும் நேயர்களின் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு செய்தித்தாளோ புத்தகமோ இருக்குமானால், அதைச் சற்றே கையில் எடுத்துக் கொள்ளும்படி வேண்டுகிறேன். ஒரு முழத் தொலைவில் அதைப் பிடித்துக் கொண்டு, தலையை அசைக்காமல், தாளை மட்டும் இடமும் வலமுமாக விரைந்து ஆட்டிப் பாருங்கள். எழுத்துக்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கறுப்புக் கோடுகளாக ஓடும். ஒரு சொல்லையும் படிக்க முடியாது. இனி, தாளை அசையாமல் வைத்துக் கொண்டு, 'வேண்டாம், வேண்டாம்' என்று மறுப்பவரைப் போலத் தலையை அதே வேகத்தில் ஆட்டுங்கள். இப்பொழுது எழுத்துக்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. தலையை ஆட்டிக் கொண்டே வரி வரியாகப் படித்துவிடலாம்.

கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இவ்விரண்டு சோதனைகளுக்கும் வேற்றுமை இருக்கக் கூடாது. தாள் ஆடினாலும் தலை ஆடினாலும், தாளுக்கும் தலைக்கும் இடையே நிகழும் அசைவு ஒன்றுதான். ஆயினும் முன்னதில் கண் தோற்றுப் போகிறது. பின்னதில் வெற்றி பெறுகிறது. நான் பள்ளியில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில், ஒவ்வோர் ஆண்டும் இந்தச் சோதனையைச் செய்து காட்டாமல் விட்டதில்லை. மாணவர்கள் தலையை ஆட்டிச் சிரிப்பார்கள்; பிறகு, 'ஏன் ஸார்?' என்று கேட்பார்கள். அந்த 'ஏன்' என்பதற்குரிய விடையைப் பற்றியே இன்று பேச நினைக்கிறேன். கண்ணைப் பற்றிய விஷயம் போலத் தோன்றினும், விடையின் பெரும்பகுதி காதில் இருக்கிறது.

கண்ணைப் புகைப்படக் கருவிக்கு ஒப்பிடுவது வழக்கம். அந்த ஒப்புமை ஓரளவுக்குத்தான் பொருந்தும். சினிமாப் படம் எடுக்கும் கருவியைக் கையில் ஏந்திக் கொண்டு ஒருவன் தெருவில் ஓடினால், படத்தில் வீடுகளும் மரங்களும் தாவிக் குதிக்கும். அதே தெருவில் நாம் ஓடும்போது நம் கண்ணும் தலையோடு சேர்ந்து குதிக்கத்தான் செய்கிறது. ஆனால் வீடுகள் குதிப்பதில்லை. தெரு தன் பாட்டில் அமைதியாக இருக்கிறது. இந்த அமைதியை நாம் உலகத்தின் இயல்பு என்று எண்ணிக் கொண்டிருக்கிறோம். உண்மையில், விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளை உழைத்து உழைத்து நமக்கு ஆக்கித் தரும் பொருள் அது.

அந்த உழைப்பு ஏன் தேவை என்பதை முதலில் பார்ப்போம். கையை முன்னே நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தால், அந்த விரலின் நகம் எவ்வளவு இடத்தை மறைக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் நம் கண் தெளிவாகப் பார்க்கிறது. கோண அளவில் அது சுமார் 2 பாகை. விழித்திரையின் நடுவிலுள்ள ஒரு சிறு குழிக்கு மட்டுமே எழுத்தைப் படிக்கும் கூர்மை உண்டு. மற்றப் பகுதிகள் ஏதோ இருக்கிறது, ஏதோ அசைகிறது என்ற அளவோடு நின்று விடுகின்றன. ஆகவே, நாம் பார்க்க விரும்பும் பொருளின் பிம்பம் அந்தக் குழியில் விழ வேண்டும். விழுந்து, வழுக்காமல் நிற்கவும் வேண்டும். வினாடிக்குச் சில பாகைக்கு மேல் அது வழுக்கினால் தெளிவு போய்விடும். நம் தலையோ, விரைந்து திரும்பும்போது வினாடிக்கு நூறு பாகைக்கு மேலும் திரும்புகிறது.

இதற்கு மூளை கண்டுள்ள வழி எளியது. தலை வலப்புறம் எத்தனை பாகை திரும்புகிறதோ, அத்தனை பாகை கண்ணை இடப்புறம் திருப்பிவிடுவது. தலை மேலே போனால் கண் கீழே. ஒவ்வொரு கண்ணுக்கும் ஆறு தசைகள் உண்டு. அவை கடிவாளங்களைப் போல விழியை வேண்டிய பக்கம் இழுக்கின்றன. தலையின் அசைவும் கண்ணின் எதிரசைவும் ஒன்றையொன்று கழித்துக் கொள்ள, பார்வை இருந்த இடத்திலேயே நிற்கிறது.

வழி எளியதுதான், நிறைவேற்றுவது அவ்வளவு எளிதன்று. தலை திரும்பிவிட்டது என்ற செய்தியைக் கண்ணுக்கு யார் சொல்வது? பிம்பம் வழுக்குவதைக் கண்ணே பார்த்துத் திருத்திக் கொள்ளலாமே என்று தோன்றும். ஆனால் பார்வை மந்தமான தூதன். விழித்திரையில் நிகழ்ந்த அசைவை அறிந்து, ஆராய்ந்து, தசைகளுக்குக் கட்டளை போவதற்குள் ஒரு வினாடியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கழிந்து விடுகிறது. அதற்குள், மேலே சொன்ன வேகத்தில் திரும்பும் தலை 10 பாகை திரும்பியிருக்கும். ஐந்து கட்டைவிரல் நகங்களின் அகலத்துக்குப் பார்வை பிசகியிருக்கும். தாளை ஆட்டியபோது நாம் படிக்க முடியாமற் போனதன் காரணம் இதுவே. அப்போது கண் பார்வையை மட்டுமே நம்பித் தாளைத் துரத்த வேண்டியிருந்தது. தலையை ஆட்டியபோதோ, பார்வைக்காகக் காத்திராமல், வேறோர் இடத்திலிருந்து செய்தி வந்து விட்டது. ஒரு வினாடியை நூறு கூறாக்கினால், அதில் ஒரு கூறு நேரத்துக்குள் வந்து விட்டது. அந்த இடம் உட்செவி.

காதின் உள்ளே, கபாலத்திலேயே மிகக் கடினமான எலும்பினுள், ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு துவரம்பருப்பைச் சுற்றி வளைக்கக் கூடிய அளவே. ஓர் அறையின் மூலையில் இரு சுவர்களும் தரையும் சந்திப்பது போல, அவை ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமைந்துள்ளன. அவற்றினுள் நீர்மம் நிறைந்திருக்கிறது. ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு துரும்பை மிதக்க விட்டு, செம்பைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். செம்பு திரும்பும், தண்ணீரும் துரும்பும் உடனே திரும்பாமல் பின்தங்கும். அதுபோலவே தலை திரும்பும்போது குழாய் திரும்புகிறது. உள்ளிருக்கும் நீர்மம் பின்தங்குகிறது. பின்தங்கும் நீர்மம் அங்குள்ள மெல்லிய தடுப்பு ஒன்றைத் தள்ளி, அதில் புதைந்திருக்கும் நுண்ணிய மயிர்களை வளைக்கிறது. எந்தக் குழாயில் எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து, தலை எந்தத் தளத்தில் எவ்வளவு வேகத்தில் திரும்பியது என்பது தெரிந்து விடுகிறது. குழாய்களுக்கு அருகில் இரண்டு சிறு பைகளும் உண்டு. சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்த அவை, தலையின் சாய்வையும், நேர்கோட்டில் நாம் செல்லும் வேகத்தின் மாறுதலையும் அறிவிக்கின்றன.

சிறுவர்கள் தட்டாமாலை சுற்றி விளையாடுவதைப் பார்த்திருக்கிறோம். சுற்றி நின்றவுடன் ஏன் உலகம் சுழல்கிறது? செம்பையே கேட்டால் போதும். சற்று நேரம் சுற்றிக் கொண்டேயிருந்தால் தண்ணீரும் செம்போடு சேர்ந்து சுற்றத் தொடங்கிவிடும்; பிறகு செம்பை நிறுத்தினாலும் தண்ணீர் நிற்பதில்லை. காதிலும் அப்படியே. 'இன்னும் சுற்றுகிறாய்' என்று காது பொய்ச் செய்தி அனுப்புகிறது. அதை நம்பிக் கண்கள் ஒரு பக்கம் மெல்ல ஓடுவதும், வெடுக்கென்று திரும்பி வருவதுமாக இருக்கின்றன. சுற்றி நின்ற குழந்தையின் கண்களை அருகிருந்து பாருங்கள். அந்த ஓட்டம் தெளிவாகத் தெரியும்.

இவ்வளவும் தெரிந்து கொள்ள மனிதனுக்குப் பல காலம் ஆயிற்று. பாரிஸ் நகரில் ப்ளூராங் என்ற அறிஞர் 1820-களில் புறாக்களின் அரைவட்டக் குழாய்களை அறுத்துப் பார்த்தார். புறாக்களின் செவிப்புலன் கெடவில்லை. ஆனால் எந்தக் குழாயை அறுத்தாரோ அந்தக் குழாயின் தளத்தில் தலை ஓயாமல் ஆடியது. இதன் பொருளைச் சரியாக அறிந்து சொன்னவர்கள், 1870-களில் தனித்தனியே உழைத்த மூவர்: மாக், புரூயர், க்ரம் பிரவுன். அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1882-இல் வேறொரு வழியில் இதை உறுதிப்படுத்தினார். செவிட்டுத்தன்மை உடையவர்களைச் சுற்றச் செய்து, தலைச்சுற்று வருகிறதா என்று விசாரித்தார். 519 பேரில் 186 பேருக்குத் தலைச்சுற்றே வரவில்லை. கல்லூரி மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 200 பேரைக் கேட்டதில், தலைச்சுற்றாதவர் ஒருவரே இருந்தார். தலை சுற்றுவது மூளையின் கோளாறன்று, காதின் வேலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வியன்னா நகரத்து மருத்துவர் ராபர்ட் பாரானியின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். நோயாளிகளின் காதை நீர் பாய்ச்சிக் கழுவுவது அவர் வேலைகளுள் ஒன்று. கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. கண்களைப் பார்த்தார், அவை ஒரு பக்கமாகத் துடித்தன. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஒருவர் குறைபட, அடுத்த முறை சூடான நீரைப் பாய்ச்சினார். மீண்டும் தலை சுற்றியது. ஆனால் கண்கள் இம்முறை எதிர்ப்பக்கமாகத் துடித்தன. மற்றவர்களாயின் வெதுவெதுப்பான நீரை வைத்துக் கொண்டு வேலையை முடித்திருப்பார்கள். பாரானி நின்று யோசித்தார். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் சூடான நீர் மேலேறுவது போல, காதினுள் உள்ள நீர்மமும் சூட்டால் மேலும் குளிரால் கீழும் ஓடுகிறது என்று கண்டார். ஒவ்வொரு காதையும் தனியே சோதிக்கும் வழி அதிலிருந்து பிறந்தது. இன்றும் மருத்துவர்கள் அதைக் கையாள்கிறார்கள். முதல் உலகப் போரில் அவர் ரஷ்யர்களிடம் கைதியாகச் சிறையிருந்தபோது, 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்ட செய்தி வந்தது. 1916-இல் ஸ்வீடன் நாட்டு இளவரசரின் முயற்சியால் விடுதலை பெற்றார். ஒன்று சொல்ல வேண்டும்: 1983-இல் விண்வெளியில், எடையற்ற நிலையில், இதே சோதனையைச் செய்தபோதும் கண்கள் துடித்தன. எடையில்லாத இடத்தில் சூடான நீர் மேலேறாது. ஆகவே பாரானி சொன்ன காரணம் முழுக் காரணமன்று. சோதனை நிலைத்துவிட்டது, விளக்கத்துக்குத்தான் ஒட்டுப் போட வேண்டியதாயிற்று.

காதிலிருந்து கண்ணுக்குச் செல்லும் நரம்பு வழி வியப்பூட்டும் அளவுக்குக் குறுகியது. மூன்றே நரம்பணுக்கள். ஒன்று காதிலிருந்து மூளைத்தண்டுக்கு, இரண்டாவது, கண் தசைகளை ஆளும் நரம்பு மையத்துக்கு, மூன்றாவது தசைக்கு. சிந்தனைக்கோ விருப்பத்துக்கோ இதில் இடமில்லை. நினைவிழந்து கிடப்பவரிடத்திலும் மூளைத்தண்டு நலமாக இருந்தால், தலையைத் திருப்பும்போது கண்கள் எதிர்ப்பக்கம் உருள்கின்றன.

ஆனால் இவ்வளவு விரைந்த கருவிக்கு ஒரு குறை உண்டு. தான் செய்தது சரியா, தவறா என்று அது பார்ப்பதில்லை. அதைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு சிறுமூளையினுடையது. புதிதாக மூக்குக்கண்ணாடி போட்டவர்கள், முதல் சில நாட்கள் தரை மிதப்பது போலவும் படி இறங்கினால் சுவர் ஊசலாடுவது போலவும் இருக்கிறது என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கண்ணாடி உருவத்தைப் பெரிதாக்கினால், தலை ஒரு பாகை திரும்பும்போது கண் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகத் திரும்பியாக வேண்டும். பழைய கணக்கு இனிப் பொருந்தாது. பிம்பம் வழுக்குகிறது, அந்த வழுக்கலைச் சிறுமூளை கவனிக்கிறது, சில நாட்களில் கணக்கை மாற்றி எழுதி விடுகிறது. பிறகு கண்ணாடி போட்டிருப்பதே மறந்து போகிறது. ஜப்பானிய அறிஞர் மசாவோ இத்தோ, இந்தத் திருத்தம் சிறுமூளையின் அடியிலுள்ள ஒரு சிறு மடலில் நடைபெறுகிறது என்று காட்டுவதற்குப் பல்லாண்டு உழைத்தார்.

இந்தத் திருத்தம் எவ்வளவு தூரம் செல்லும் என்று அறிய, கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில் கான்ஷர், மெல்வில் ஜோன்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்து 1976-இல் வெளியிட்டார்கள். இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும் பட்டகக் கண்ணாடியைச் சிலருக்கு மாட்டி விட்டார்கள். தலையை வலம் திருப்பினால் உலகமும் வலப்புறமே ஓடும். சில வாரங்கள் சென்றன. பிறகு இருட்டில் சோதித்தபோதுகூட அவர்களுடைய கண்கள் பழைய திசையை விட்டு, எதிர்த்திசையில் ஓடின. பிறவியிலிருந்து பழகிய மூன்று நரம்பணுக்களின் பாதையையே சிறுமூளை தலைகீழாக்கி விட்டது.

கண்ணின் அசைவு இது ஒன்றே அன்று. தலை அசையாதபோதும் கண்கள் வினாடிக்கு மூன்று முறையளவில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவிக் கொண்டேயிருக்கின்றன. தாவும் நேரத்தில் வரும் குழப்பமான காட்சியை மூளை நமக்குத் தருவதில்லை. கண்ணாடிக்கு முன் நின்று, உங்கள் இடக் கண்ணையும் வலக் கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை நீங்கள் காணவே மாட்டீர்கள். பக்கத்தில் நிற்பவர் காண்பார். கண்ணுக்குக் கட்டளை அனுப்பும்போதே, 'இப்போது வரும் அசைவு நம்முடையதுதான்' என்று மூளை தனக்குத் தானே ஒரு நகல் அனுப்பிக் கொள்கிறது போலும். இமையின் மேல் விரலை வைத்து விழியை மிக மெதுவாக ஒதுக்கினால், அப்படிப்பட்ட கட்டளை எதுவும் இல்லாமையால், அறையே அசைகிறது.

இனி, நிற்பதும் நடப்பதும். நாம் நிமிர்ந்து நிற்பதற்கு மூளை மூன்று சாட்சிகளை விசாரிக்கிறது: கண், உட்செவி, காலிலும் கழுத்திலுமுள்ள தசை மூட்டுக்களின் உணர்வு. மூவரும் ஒரே வாக்குமூலம் தரும் வரையில் இப்படியொரு விசாரணை நடப்பதே நமக்குத் தெரியாது. எழும்பூர் நிலையத்தில் நம் ரெயில் நின்று கொண்டிருக்க, அடுத்த பாதையில் உள்ள ரெயில் நகர்ந்தால், நாமே புறப்பட்டு விட்டதாக உடல் முழுவதும் உணர்கிறோம். ஒரே சீரான வேகத்தில் போகும்போது காது பேசாது. ஆகவே கண் சொல்வதை மூளை ஏற்றுக் கொள்கிறது. எடின்பரோவில் லீ, ஆரன்சன் என்ற இருவர் 1974-இல், தரை அசையாமல் சுவர்கள் மட்டும் நகரும் ஓர் அறையைக் கட்டி, புதிதாக நிற்கப் பழகிய குழந்தைகளை அதில் நிறுத்தினார்கள். சுவர் நகர்ந்ததும் குழந்தைகள் தள்ளாடினார்கள். சிலர் விழுந்தே விட்டார்கள். கால் உறுதியான தரையில்தான் இருந்தது. கண் சொன்னதைக் கேட்டு விழுந்தார்கள்.

கொடைக்கானல் மலைப்பாதையில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக் குமட்டல் எடுப்பது சாட்சிகள் முரண்படுவதால் வருவது. பஸ்ஸின் உள்ளே பார்க்கும் கண், அசைவில்லை என்கிறது; காது, வளைந்து வளைந்து போகிறோம் என்கிறது. காது பேசாவிட்டால் குமட்டலும் இல்லை. அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் 1958 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள், வாஷிங்டனிலுள்ள காலடெட் கல்லூரியைச் சேர்ந்த செவிப்புலனற்ற 11 பேரின் உதவியால் விண்வெளிப் பயணத்துக்கான சோதனைகள் நடத்தினார்கள். பெரும்பாலோர் இளமையில் மூளையுறைக் காய்ச்சல் வந்து, கேட்கும் உறுப்போடு உட்செவியின் சமநிலை உறுப்பையும் இழந்தவர்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாக் கடலில் பெருங்கொந்தளிப்பில் கப்பல் சென்றபோது, அவர்கள் அமைதியாகச் சீட்டாடிக் கொண்டிருந்தார்கள். சோதனை செய்ய வந்த விஞ்ஞானிகள்தாம் வாந்தியெடுத்துப் படுத்து விட்டார்கள்.

இதைக் கேட்டால், இந்த உறுப்பை இழப்பது நல்லதுதானோ என்று தோன்றலாம். வளர்ந்த பிறகு இழந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 1952-இல் அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒன்றில் ஒரு மருத்துவர், பெயரின் முதலெழுத்துக்களை மட்டும் இட்டு, தம் அனுபவத்தை எழுதினார். காசநோய்க்காக அவருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடப்பட்டது. அந்த மருந்து நோயை அழித்ததோடு உட்செவியின் நுண்மயிர்களையும் அழித்து விட்டது. படுக்கையில் கிடந்து புத்தகம் படிக்க முயன்றார், முடியவில்லை. இதயம் துடிக்கும் ஒவ்வொரு துடிப்பிலும் தலை மயிரிழையளவு அசைகிறதல்லவா? அந்த அசைவுக்கே எழுத்துக்கள் துள்ளின. கட்டிலின் தலைப்பக்கத்து இரும்புக் கம்பிகள் இரண்டுக்கு இடையே தலையை இறுக ஊன்றிக் கொண்டு படித்தார். நடக்கத் தொடங்கிய பிறகு, எதிரே வரும் நண்பரின் முகம் அடையாளம் தெரிய வேண்டுமானால் நின்று விட வேண்டியிருந்தது. நம் அனைவருடைய தலையும் இப்படித்தான் நாடிக்கு நாடி ஆடிக் கொண்டிருக்கிறது. நாம் அதை அறியாதிருப்பது, காது நமக்குச் செய்யும் உபகாரம்.

நம் நாட்டிலும் பல்லாண்டுகள் காசநோய்க்கு இந்த ஊசி போடப்பட்டது. அது எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. என் பள்ளியில் தமிழாசிரியராக இருந்த ஒருவர் இரண்டாம் முறை காசநோய் வந்து, இரண்டு மாதம் இந்த ஊசி போட்டுக் கொண்டார். நோய் குணமாயிற்று. ஆனால் மாலை மங்கினால் அவர் நடை தள்ளாடியது. பகலில் கண் சாட்சி சொல்லும். இருட்டில் அந்தச் சாட்சியும் இல்லை. வயல் வரப்பில் வீடு திரும்புகிறவர், இருமுறை சேற்றில் விழுந்தார். வெற்றிலைகூடப் போடாத அந்த மனிதரைப் பற்றி, 'புலவர் இப்போது குடிக்க ஆரம்பித்து விட்டார்' என்று ஊரார் பேசினார்கள். காதைச் சோதித்தார்கள்; நன்றாகக் கேட்டது. கண்ணைச் சோதித்தார்கள், உட்கார்ந்தபடி கடைசி வரிவரை படித்தார். மனத்தளர்ச்சி என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒருநாள் என்னிடம் வந்து, "ஸார், நீங்கள் விஞ்ஞானம் படித்தவர். நான் நடந்தால் தெரு ஏன் குதிக்கிறது? நின்றால் நின்று விடுகிறதே" என்று கேட்டார். பொய் சொல்கிறவருக்கு இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வராது. காது நோய் நிபுணர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன்.

அந்த மருத்துவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. "ஐயா, என் மூக்கையே பாருங்கள்" என்று சொல்லி, அவர் தலையை இரு கைகளாலும் பற்றி, சிறிதளவு, ஆனால் வெடுக்கென்று ஒரு பக்கம் திருப்பினார். நலமுள்ளவருக்குக் கண் மூக்கின் மேலேயே நிற்கும். புலவருக்கோ கண் தலையோடு சேர்ந்து போயிற்று. பிறகு மூக்கைத் தேடித் தாவி வந்தது. மறுபக்கமும் அப்படியே. இது சிட்னி நகரில் ஹல்மாகி, கர்தாய்ஸ் என்ற இருவர் 1988-இல் வெளியிட்ட சோதனை. ஒரு நிமிஷத்தில் முடிந்து விடும். கழுத்தில் கோளாறு உள்ளவர்களுக்குச் செய்யக் கூடாதாகையால், வீட்டில் யாரும் முயல வேண்டாம். திடீரென்று தொடங்கி ஓயாமல் தலை சுற்றும் நோயாளியிடத்தில் இதற்கு மற்றொரு பயனும் உண்டு. கண் தாவி வந்தால் பெரும்பாலும் காதின் கோளாறு. கண் பிசகாமல் நின்றாலோதான் மருத்துவர் கவலைப்பட வேண்டும். அது மூளைக்குச் செல்லும் இரத்தம் தடைப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம்.

இன்று காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வழக்கமான மருந்தாக வழங்கப்படுவதில்லை. ஆனால் அதன் குலத்தைச் சேர்ந்த ஜென்டமைசின் வேறு பல கடும் தொற்றுக்களுக்குப் பயன்படுகிறது. உட்செவியைத் தாக்கும் குணம் அதற்கும் உண்டு. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு மருந்து உடலில் தங்கி விடுவதால் அபாயம் அதிகம். இத்தகைய ஊசி போட்டுக் கொள்ளும் நாட்களிலோ, முடிந்த சில வாரங்களிலோ, நடக்கும்போது பெயர்ப்பலகைகள் துள்ளினாலும், இருட்டில் கால் தடுமாறினாலும், அன்றே மருத்துவரிடம் அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். தாமாக மருந்தை நிறுத்தி விடவும் கூடாது. 'தலைச்சுற்று' என்று மட்டும் சொன்னால் போதாது. இரு காதும் ஒருசேரக் கெட்டவர்களுக்குத் தலை சுற்றுவதே இல்லாமலும் இருக்கலாம்.

அழிந்த நுண்மயிர்களை மீட்டுத் தரும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் மூளைக்குப் பயிற்சி தரலாம். இங்கிலாந்தில் காதார்ன், குக்ஸி என்ற இருவர் 1940-களில், தலையில் அடிபட்டவர்களுக்காக வகுத்த பயிற்சிகள் இதற்கு மூலம். புலவர் ஓர் அட்டையில் 'அ' என்று பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டி, அதையே பார்த்தவாறு தலையை இடமும் வலமுமாக ஆட்டுவார். நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டுவார். பிறகு நின்று கொண்டு. பிறகு நடந்து கொண்டு. காது தராத செய்தியைக் கழுத்தின் உணர்விலிருந்தும், தலையைத் திருப்பப் போகிறோம் என்ற முன்னறிவிலிருந்தும் ஓரளவு பெற மூளை கற்றுக் கொள்கிறது. ஆறு மாதத்தில் அவர் நடந்து கொண்டே எதிரில் வருபவரை அடையாளம் கண்டு பேசத் தொடங்கினார். இரவில் வெளியே போகக் கைவிளக்கும் ஒரு கோலும் வைத்துக் கொண்டார்.

நிபுணர் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. புலவர் சிறு வயதிலிருந்து கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர். நீருக்குள் கால் தரையில் பாவாது. கலங்கிய நீரில் கண்ணும் தெரியாது. மேலே எது, கீழே எது என்று சொல்ல எஞ்சியிருப்பது உட்செவி ஒன்றே. அது இல்லாதவர் மூச்சுக்காக மேலே வருவதாக எண்ணிக் கொண்டு, கிணற்றின் அடியை நோக்கியே நீந்திப் போகக் கூடும். ஆகையால் புலவர் இப்போதெல்லாம் கிணற்றடியில் நின்று, வாளியில் மொண்டுதான் குளிக்கிறார்.